ராஜினாமா முதலில், சீட்டு கடைசியில்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். சொந்த ஊர் கல்லலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வயது 34. கபடி வீரன். விளையாட்டு ஒதுக்கீட்டில் 2012-இல் ரயில்வேயில் வேலை கிடைத்தது. திருச்சியில் இருக்கிறேன். தொழில்முறை லீக்கில் நான்கு சீசன் ரெய்டராக ஆடியிருக்கிறேன். வலது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனபிறகு பழைய வேகம் இல்லை. இந்த வருஷத்தோடு ஆட்டத்தை நிறுத்தலாம் என்று இருக்கிறேன். போன மாதம் எங்கள் ஊர்த் திருவிழாவில் மின்னொளி கபடிக்குச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். ஐயாயிரம் பேர் கூடியிருந்தார்கள். அங்கே ஒரு கட்சியின் மாவட்டப் பொறுப்பாளர், "வேலையை விட்டுட்டு வாங்க தம்பி, காரைக்குடியில பெரிய கூட்டம் போட்டுச் சேத்துக்கிறோம், சட்டமன்றத்துக்கு சீட்டு உறுதி, செலவைக் கட்சி பாத்துக்கும்" என்றார். வேலையில் இருந்துகொண்டே கட்சியில் சேர முடியாதா? நின்று தோற்றால் வேலை திரும்பக் கிடைக்குமா? என் பெயருக்கு ஓட்டு விழுமா? 2015-இல் ஒரு போட்டியில் நடந்த அடிதடியில் என் பெயரையும் வழக்கில் சேர்த்தார்கள். அது தடையாகுமா? என் மனைவிக்கு இதில் விருப்பமில்லை. பெயர் போட வேண்டாம்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவைதான் அடியில் வேறு பேனாவில் இருந்த ஒரு வரி கண்ணில் பட்டது. "வீட்டுக் கடன் இன்னும் பதினோரு வருஷம் இருக்கு, அதையும் கேளுங்க." அது உங்கள் கையெழுத்து இல்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் நீங்கள் கூட அனுப்பியிருக்கும் புகைப்படம். பொறுப்பாளர் உங்கள் தோளில் போட்டிருக்கும் துண்டைப் பாருங்கள், கட்சிக் கரை போட்ட துண்டு. நீங்கள் மரியாதை என்று வாங்கிக்கொண்டீர்கள். உங்கள் மேலதிகாரி பார்த்தால் வேறு மாதிரி படிப்பார். ரயில்வே ஊழியர்களுக்கான 1966-ஆம் வருஷத்து நடத்தை விதிகளில் 5-ஆவது விதி இதற்கென்றே இருக்கிறது. எந்த அரசியல் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக்கூடாது, கட்சியோடு வேறு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக்கூடாது, ஓட்டுக் கேட்கக்கூடாது, தேர்தலில் பங்கெடுக்கக்கூடாது. ஓட்டுப் போடலாம். யாருக்குப் போட்டோம் என்று வெளியே சொல்லக்கூடாது. உடம்பிலோ வண்டியிலோ வீட்டிலோ தேர்தல் சின்னத்தைக் காட்டிக்கொண்டாலே தேர்தலில் செல்வாக்கைப் பயன்படுத்தியதாக எடுத்துக்கொள்வார்கள். ஊரில் உங்களுக்கு ஃபிளெக்ஸ் வைக்கப்போவதாகப் பையன்கள் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் கட்சித் தலைவர் படமோ சின்னமோ வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. "எனக்குத் தெரியாம வச்சுட்டாங்க" என்று விசாரணையில் சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். யாரும் நம்பியதில்லை.

சட்டமன்றம் பெரிய விஷயம், முதலில் உள்ளாட்சியில் ஆழம் பார்க்கலாமே என்று தோன்றும். அந்த வாசலும் உங்களுக்கு மூடித்தான் இருக்கிறது. விதி உள்ளாட்சித் தேர்தலையும் சேர்த்தே சொல்கிறது. வார்டு உறுப்பினருக்கு நிற்பதானாலும் வேலையை விட்டுவிட்டுத்தான் நிற்க வேண்டும்.

இனி அந்த "வேலையை விட்டுட்டு வாங்க." நான் சொல்ல வேண்டியது பெரும்பாலும் இதற்குள்தான் இருக்கிறது.

அரசு சம்பளம் வாங்கும் பதவியில் இருப்பவர் சட்டமன்ற உறுப்பினராக முடியாது என்று அரசியல் சாசனத்தின் 191-ஆவது பிரிவு சொல்கிறது. இதை எந்தத் தேதியில் பார்ப்பார்கள்? வேட்புமனுப் பரிசீலனை நாளில். அன்றைக்கு நீங்கள் அரசு ஊழியரா இல்லையா என்பதுதான் கேள்வி. ராஜினாமாக் கடிதம் கொடுத்த நாளில் நீங்கள் ஊழியராக இல்லாமல் போய்விடுவதில்லை. நிர்வாகம் அதை ஏற்றுக்கொண்டு விடுவிக்க வேண்டும். வக்கீலான என்னிடம் வழக்குக்கு வந்த ஒருவர், அரசு ஊழியர், தேர்தல் அறிவித்த மறுநாளே ராஜினாமாக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு மாலையோடு மனுத்தாக்கலுக்குப் போனார். ராஜினாமாவை ஏற்ற ஆணை பரிசீலனை முடிந்து இரண்டு நாள் கழித்து அவர் கைக்கு வந்தது. மனு தள்ளுபடி, வேலையும் போயிற்று. அந்த ஆணையை என் மேஜையில் வைத்துவிட்டு, "இதை வாபஸ் வாங்க முடியுமா சார்?" என்று கேட்டார். அவர் கொண்டுவந்த உறையில் அன்றைக்கும் மாலையிலிருந்து உதிர்ந்த சம்பங்கி ஒட்டிக்கொண்டிருந்தது.

உங்கள் துறையிலேயே உதாரணம் இருக்கிறது. 2024 செப்டம்பரில் மல்யுத்த வீரர்கள் வினேஷ் போகாட்டும் பஜ்ரங் புனியாவும் ரயில்வே வேலையை ராஜினாமா செய்துவிட்டு ஒரே நாளில் காங்கிரஸில் சேர்ந்தார்கள். பாரிஸ் ஒலிம்பிக்கில் நூறு கிராம் எடை கூடியதால் இறுதிப்போட்டியை இழந்து வந்த வினேஷ் மேல் நாட்டுக்கே அனுதாபம் இருந்தது. வழக்கமாகக் கேட்கும் மூன்று மாத முன்னறிவிப்புக் காலத்தை ரயில்வே தளர்த்தி இருவரையும் விடுவித்தது. வினேஷ் ஹரியானாவின் ஜூலானா தொகுதியில் 6,015 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். பஜ்ரங் அந்தத் தேர்தலில் நிற்கவே இல்லை, கட்சியின் விவசாய அமைப்பில் செயல் தலைவர் பொறுப்பு கொடுத்தார்கள். ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவருக்கே அவ்வளவுதான். இரண்டு பேரும் விட்டது ஒரே வேலை என்பதை மட்டும் கவனியுங்கள்.

நமக்கு அந்த மூன்று மாதத்தைத் தளர்த்துவார்கள் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். அப்படியானால் தேர்தல் அறிவிப்புக்கு வெகுநாள் முன்னாலேயே கடிதம் கொடுத்தாக வேண்டும். சரி, சீட்டு எப்போது கையில் வரும்? கட்சி வேட்பாளர் என்பதற்கான அத்தாட்சி ஏ படிவமும் பி படிவமும். மனுத்தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் அவை தேர்தல் அலுவலர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பி படிவத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் வேட்பாளர். மேடையில் கையைத் தூக்கிப் பிடித்துக் காட்டிய பெயர், சுவரில் எழுதிய பெயர், பட்டியலில் அச்சான பெயர் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஏற்கெனவே கொடுத்த பி படிவத்தை ரத்து செய்து வேறு பெயருக்குக் கொடுக்கக்கூட அந்த 3 மணிவரை கட்சிக்கு வழியுண்டு. ஒரு தேர்தலில் மனுத்தாக்கல் அலுவலக வாசலில் வேப்ப மரத்தடியில் ஒருவரோடு நின்றிருந்தேன். 2.40 ஆயிற்று. பி படிவம் கொண்டுவரும் கார் திருப்பத்தூரைத் தாண்டிவிட்டது, குன்றக்குடியைத் தாண்டிவிட்டது என்று போன் வந்துகொண்டே இருந்தது. கார் வந்தது. படிவத்தில் வேறு பெயர். அவரைச் சுற்றி நின்ற முப்பது பேரில் இருபது பேர் அங்கேயே, அதே மரத்தடியில், புதுப் பெயர்க்காரருக்குக் கோஷம் போட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, கட்சிக்காரர்கள்.

ஆக, உங்கள் ராஜினாமா மாதக்கணக்கில் முன்னால், கட்சியின் கையெழுத்து கடைசி நாளில். நடுவில் கிடக்கும் அந்த இடைவெளியில் உங்களுக்குச் சம்பளமும் இல்லை, சீட்டும் இல்லை. ரெய்டுக்குப் போனால் திரும்பி வந்து நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் தப்பித்தோம். இங்கே அந்தக் கோடு கிடையாது. மாவட்டப் பொறுப்பாளர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. சீட்டுக் கொடுக்கும் இடம் அவர் இல்லை, அவ்வளவுதான். அவர் எத்தனை தேர்தலாக சீட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவரிடமே சிரித்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள். கோபித்துக்கொள்ளமாட்டார், பெருமூச்சு விடுவார்.

தோற்றால் வேலை திரும்பக் கிடைக்குமா என்றீர்கள். கிடைக்காது. ராஜினாமா என்றால் முன்னால் செய்த சேவை அழிந்தது என்றுதான் பணி விதிகள் எடுத்துக்கொள்கின்றன. 20 வருஷம் முடித்திருந்தால் விருப்ப ஓய்வு என்று ஒரு கௌரவமான வழி இருக்கிறது. உங்களுக்கு அந்த வருஷக்கணக்கு வரவில்லை. நீங்கள் 2004-க்குப் பிறகு சேர்ந்தவர். அதனால் என்.பி.எஸ். என்கிற தேசிய ஓய்வூதியத் திட்டக் கணக்கில் சேர்ந்த தொகை உங்களுடையதுதான், அதை எப்படி, எவ்வளவு எடுக்கலாம் என்பதற்குத் தனி விதிகள் உண்டு. பணிக்கொடை வரும், அதில் கடனை அடைக்கலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் வெள்ளி வாங்கிய ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் 2013-இல் ராணுவத்தில் விருப்ப ஓய்வு பெற்றுத்தான் அரசியலுக்கு வந்தார், அதற்குள் இருபது வருஷத்துக்கு மேல் சேவை முடித்திருந்தார். 2014-இல் நாடாளுமன்றம் போனார், விளையாட்டு அமைச்சரானார். அதே ஹரியானாவில் மல்யுத்த வீரர் யோகேஷ்வர் தத் போலீஸ் வேலையை விட்டுவிட்டு 2019-இல் பரோடா தொகுதியில் நின்று தோற்றார், மறுவருஷம் அதே தொகுதியில் இடைத்தேர்தலிலும் தோற்றார். மல்யுத்த வீராங்கனை பபிதா போகாட்டும் போலீஸ் வேலையை விட்டுத்தான் தாத்ரியில் நின்றார், அவரும் தோற்றார். மூவருமே நாடறிந்த முகங்கள்தான்.

முகம் தெரிந்தால் ஓட்டு விழுமா என்பதற்கு ஹரியானா வரை போகவே வேண்டாம். சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன், பாட்டெழுதிப் பேர் வாங்கிய பிறகு, 1957-இல் பிறந்த மண்ணை ஒட்டியே திருக்கோஷ்டியூர் தொகுதியில் நின்றார். தோற்றார். கிரிக்கெட்டில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய பட்டோடி 1971-இல் ஒரு தடவை, 1991-இல் ஒரு தடவை நாடாளுமன்றத்துக்கு நின்று இரண்டிலும் தோற்றார். கால்பந்து வீரர் பாய்ச்சுங் பூட்டியா 2014-இல் டார்ஜிலிங், 2016-இல் சிலிகுரி என்று தோற்று, சொந்தக் கட்சி தொடங்கி, அதை இன்னொரு கட்சியில் சேர்த்து, 2024-இல் சொந்த மாநிலமான சிக்கிமிலும் தோற்ற பிறகு அரசியலே வேண்டாம் என்று ஒதுங்கினார். ஜெயித்தவர்களும் உண்டு. 2024-இல் கிரிக்கெட் வீரர் யூசுப் பதான் மேற்கு வங்கத்தில் பல தடவை எம்.பி.யாக இருந்த ஒரு பெருந்தலையையே முதல் தேர்தலில் சாய்த்தார். அவருக்குப் பின்னால் அப்போது அந்த மாநிலத்தை ஆண்ட கட்சி இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெரிய இடத்துக்குப் போனவர்களை எடுத்தால் அவர்கள் காத்திருந்த காலம்தான் என் கண்ணில் படுகிறது. இம்ரான் கான் உலகக் கோப்பையைத் தூக்கியது 1992-இல், கட்சி தொடங்கியது 1996-இல். மறுவருஷத் தேர்தலில் ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. 2002-இல் அவர் ஒருவர் மட்டும் ஜெயித்தார். பிரதமரானது 2018-இல். லைபீரியாவின் ஜார்ஜ் வேயா உலகின் சிறந்த கால்பந்து வீரர் என்ற பட்டத்தோடு 2005-இல் அதிபர் தேர்தலில் நின்றார். படிக்காதவருக்கு நாட்டைக் கொடுப்பதா என்று எதிரணி கேட்டது, தோற்றார். போய்ப் படித்துப் பட்டம் வாங்கினார், செனட்டரானார், 2018 ஜனவரியில் அதிபரானார். ஆறு வருஷம் கழித்து ஓட்டுப்போட்டே இறக்கியும் விட்டார்கள். இவர்கள் அத்தனை வருஷம் சோற்றுக்குக் கவலைப்படாமல் காத்திருக்க முடிந்தது. இதைச் சொல்வதற்காகத்தான் இவ்வளவு தூரம் போனேன்.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். மின்னொளி கபடிக்கு ஐயாயிரம் பேர் என்றீர்கள். அதில் திருமயம் பக்கமிருந்து, மேலூர் பக்கமிருந்து வேனில் வந்த அணிகளும் அவர்களோடு வந்தவர்களும் எத்தனை பேர்? ஓட்டு வயது வராத பையன்கள் எத்தனை பேர்? நின்று பார்த்த பெண்கள் எத்தனை பேர்? விசில் அடித்தவர்களில் உங்கள் தொகுதியில், உங்கள் வாக்குச்சாவடியில் பெயர் இருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். சிராவயல் மஞ்சுவிரட்டில் ஒரு காளையைப் பிடித்தவன் பெயர் மாலைக்குள் ஊர் ஊராகப் போய்விடுகிறது. அவனை யாராவது ஒன்றியக் கவுன்சிலராக்கியிருக்கிறார்களா? அதே சிராவயலில், பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவரான ஜீவா ஆசிரமம் நடத்தியபோது 1927-இல் காந்தி வந்து பார்த்துவிட்டுப் போனார். மஞ்சுவிரட்டுக்குக் கூடும் கூட்டத்தில் நூறில் ஒரு பங்குகூட அந்த ஆசிரமத்தில் இருந்திருக்காது.

நம் பக்கத்து ஓட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று எந்த ஊருக்குப் போனாலும் பெரிய வீட்டுத் தெருவில் நடந்து பாருங்கள். தெருவுக்குத் தெரு நீளும் வீடு, முகப்பில் தேக்குத் தூண், கதவில் பூட்டு. பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில். கல்யாணத்துக்கும் படைப்புக்கும்தான் திறப்பார்கள். மேடையில் முன்வரிசையில் உட்கார்ந்து உங்களுக்குப் பொன்னாடை போர்த்தியவர்களில் பலருக்கு ஓட்டு இங்கேயே இருக்காது. ஓட்டு இருப்பது பின்னாடித் தெருக்களில், கண்மாய்க் கரையில், காலனியில். அங்கே உங்களிடம் கபடி கேட்கமாட்டார்கள். நின்றுபோன முதியோர் உதவித்தொகை, மாறாத பட்டா, நூறு நாள் வேலையில் வராத கூலி, மடை உடைந்த கண்மாய், ஊரணியில் விழும் சாக்கடை, இதைத்தான் கேட்பார்கள். அந்த மனுவை எந்த அலுவலகத்தில், யாரிடம், எந்தக் கிழமை கொடுத்தால் நடக்கும் என்பது தெரிந்தவன் பின்னால்தான் அந்தத் தெரு போகும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். 2006-இல் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்றேன். அந்தத் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது, எனக்குக் கிடைத்தது பூட்டும் சாவியும். நம் ஊர் வக்கீல், கறுப்புக் கோட்டு, மதுரையில் பெரிய வழக்கெல்லாம் நடத்துகிறார் என்று வீட்டுக்கு வீடு காபி கொடுத்தார்கள். 61 ஓட்டில் தோற்றேன். என்னைத் தோற்கடித்தவர் எட்டாம் வகுப்பு. ஓட்டு எண்ணி முடித்த மறுநாள் எங்கள் தெரு அப்பத்தா ஒருத்தர் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே ஆறுதல் சொன்னார். "நீ நல்லவன்தாண்டா. ஆனா நீ விடிஞ்சா கோர்ட்டுக்குப் போயிருவே. அவன் ராத்திரி எட்டு மணிக்கும் டீக்கடையிலதான இருப்பான்." இதைவிடச் சரியான தேர்தல் ஆய்வை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

உங்களுக்கு ஒரு பலம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. உங்கள் ஊர் கபடி அணியில் எல்லாத் தெருப் பையனும் இருந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். காலனிப் பையன் கையைக் கோத்துக்கொண்டு சங்கிலிப் பிடி போட்டீர்கள். தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவித் தேரின் வடத்தை எந்தச் சாதியார் பிடிப்பது என்பதற்கு எத்தனை வருஷம், எத்தனை வழக்கு என்பது உங்களுக்கே தெரியும். அப்படிப்பட்ட பகுதியில் எல்லாத் தெருவிலும் செருப்போடு நுழைந்து தண்ணீர் கேட்டுக் குடிக்கிற ஒரு முகம் சாதாரணச் சொத்தில்லை. கட்சியில் சேர்ந்த முதல் வாரமே "தம்பி நம்ம ஆளு" என்று ஒரு தெரு உங்களைத் தூக்கும், அந்த நொடியே மற்றத் தெரு இறக்கிவிடும். உங்களைத் தேடி வந்த பொறுப்பாளர் உங்கள் கபடியைப் பார்த்து வந்தாரா, உங்கள் சாதிக் கணக்கைப் பார்த்து வந்தாரா என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். எந்தெந்த ஊரில் உங்களை முதல் கூட்டம் பேசச் சொல்கிறார் என்று பட்டியல் கேளுங்கள், விளங்கிவிடும்.

செலவைக் கட்சி பார்த்துக்கொள்ளும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளர் செலவுக்கு 2022-இல் வைத்த உச்சவரம்பு 40 லட்சம். காப்புத்தொகை 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதில் பாதி. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அது போய்விடும். தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், ஒவ்வொரு நாள் செலவும் பதிவேட்டில் ஏற வேண்டும், முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கைச் சமர்ப்பிக்க வேண்டும். காசு யாருடையதாக இருந்தாலும் கையெழுத்து உங்களுடையது. தகுந்த காரணமில்லாமல் கணக்குக் கொடுக்காமல் விட்டால் மூன்று வருஷம் தேர்தலில் நிற்கத் தகுதியிழப்பு. தோற்றவர்கள் இதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள். தோற்ற மனுஷனுக்கு ரசீது பொறுக்க மனசு வருமா? இன்னொன்று. ஒரு தொகுதியில் முந்நூறு வாக்குச்சாவடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் உங்களுக்காகக் காலையிலிருந்து மாலைவரை உட்கார ஒரு முகவர் வேண்டும், அவருக்கு இட்லி, சாப்பாடு, டீ. அந்த முந்நூறு பேரின் பட்டியல் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் உண்மையில் தேர்தல் நடத்துகிறவர். அந்தப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள்.

2015 அடிதடி வழக்கு. வழக்கு நிலுவையில் இருப்பது மட்டுமே நிற்பதற்குத் தடையில்லை. மறைத்தால்தான் வம்பு. வேட்புமனுவோடு 26-ஆம் எண் படிவத்தில் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். சொத்து, கடன், படிப்பு, வழக்கு எல்லாம் அதில் வரும். மனைவியின் சொத்தும் கடனும்கூட. தெரிந்தே பொய் எழுதினால் ஆறு மாதம்வரை சிறைத்தண்டனைக்கு வழியிருக்கிறது. வழக்கு நிலுவையில் இருந்தால் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் மூன்று தடவை நீங்களே விளம்பரம் கொடுக்க வேண்டும். அந்த வழக்கு என்ன ஆயிற்று என்றே தெரியாது என்கிறீர்கள். பத்து வருஷத்துக்கு முந்தைய வழக்கு சமரசமாகி முடிந்ததா, உறங்குகிறதா, உங்கள் பெயரில் வாரண்ட் ஏதும் நிற்கிறதா என்பது அரசியலுக்குப் போனாலும் போகாவிட்டாலும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அந்த நீதிமன்றத்தில் ஒரு வக்கீலை வைத்துச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். இந்த வாரமே.

ஒரு காலணி நிறுவனத்தோடு போட்ட விளம்பர ஒப்பந்தத்தின் நகலையும் அனுப்பியிருக்கிறீர்கள். அதில் ஏழாம் பக்கம் பாருங்கள். அரசியல் கட்சியோடு பொதுவெளியில் அடையாளப்படுத்திக்கொண்டால் ஒப்பந்தத்தை முறித்து மீதித் தொகையை நிறுத்தலாம் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. கட்சித் துண்டு போட்ட அந்தப் படம் அதற்கும் போதும்.

அரசியல் உங்களுக்குச் சரிப்படுமா என்பதைத் தபாலில் சொல்ல என்னால் முடியாது. ஆட்டக்காரர்களிடம் நான் பார்த்த ஒரு சங்கடத்தை மட்டும் சொல்கிறேன். களத்தில் நடுவர் விசில் ஊதினால் முடிவு உடனே தெரிந்துவிடும், தொட்டாயா இல்லையா, ஒரு புள்ளி. அரசியலில் ஒரு பட்டா மாறுதலுக்கு எட்டு மாதம் அலைந்து வாங்கிக் கொடுப்பீர்கள், அந்த வீட்டுக்காரர் எதிரணிக்குத்தான் ஓட்டுப் போட்டேன் என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்வார். அன்றைக்கும் அவருக்கு வணக்கம் சொல்ல வருமா உங்களுக்கு?

வருமா என்று பார்க்க வேலையை விடத் தேவையில்லை. அடுத்த ஒரு வருஷத்துக்கு, விடுமுறை நாளையும் சேர்ந்துகிடக்கும் லீவையும் ஊருக்குக் கொடுங்கள். கட்சி வேண்டாம், ஃபிளெக்ஸ் வேண்டாம், உங்கள் பெயர் போட்ட பனியன் வேண்டாம். காலையில் பையன்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் கபடி சொல்லிக்கொடுங்கள். முழங்கால் அதற்குத் தாங்கும். மற்ற நேரத்தில் ஊர்க்காரர் ஒருவரோடு தாலுகா அலுவலகத்துக்குப் போய், அவருடைய மனு மேஜை மேஜையாக எப்படி நகர்கிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பேசுவது அவராக இருக்கட்டும், ரயில்வே அடையாள அட்டையை எங்கும் நீட்டாதீர்கள். சங்கங்களில் தேர்தல் மூலம் வரும் பொறுப்பு எதையும் ஏற்பதற்கு முன்னால் துறையின் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், கபடிச் சங்கமானாலும் சரி. வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் திருச்சிக் குவார்ட்டர்ஸிலா, ஊரிலா என்றும் பாருங்கள். சட்டமன்றத்துக்குத் தமிழ்நாட்டில் எந்தத் தொகுதியில் பெயர் இருந்தாலும் நிற்கலாம், ஊராட்சிக்கு அப்படியில்லை, அந்த ஊர்ப் பட்டியலிலேயே இருக்க வேண்டும். பொறுப்பாளர் இந்த வருஷத்துக்குள் அவசரப்படுத்தினால், அவருக்கு உங்களைவிட உங்கள் சேர்க்கை விழாதான் வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில், வீட்டுக் கடன் பற்றிய அந்த ஒற்றை வரி. நம் பக்கத்துச் செட்டியார் வீடுகளில் ஐந்தொகை என்று ஒன்று போடுவார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். வரவு, பற்று, இருப்பு, வர வேண்டியது, கொடுக்க வேண்டியது எல்லாம் ஒரே தாளில் வந்துவிடும். கொண்டுவிற்கப் பர்மா போனவரும் அதைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார். உங்கள் வீட்டுக்கும் ஒன்று போடுங்கள். மாதத் தவணை எவ்வளவு, உங்கள் சம்பளம் நின்றால் உங்கள் மனைவியின் பள்ளிக்கூடச் சம்பளத்தில் அது எத்தனை மாதம் ஓடும், முழங்காலுக்கு மறுபடி வைத்தியம் என்றால் ரயில்வே ஆஸ்பத்திரி இல்லாமல் யார் செலவு, குவார்ட்டர்ஸைக் காலி செய்தால் வாடகை எவ்வளவு, பிள்ளை படிப்பு எவ்வளவு. ராஜினாமாவை ஏற்ற நாளிலிருந்து பதினெட்டு மாதம், ஒரு பைசா வருமானமில்லாமல் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். நீங்கள் எழுத வேண்டாம், உங்கள் மனைவி எழுதட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். ராஜினாமாக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும் என்பதை அந்தத் தாளைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.